மழைக்காலப் பினாங்கில் துளையுள்ள டைட்டானியா: ஆய்வுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு

போன வாரம் ஜூனியர் தம்பி ஒருவர் போன் செய்தார். "அக்கா, கட்டுரையில இருக்கிற மாதிரியேதான் கலக்குறேன், ஆனா வெள்ளை வெள்ளையா கட்டி விழுது." துளையுள்ள டைட்டானியா (டைட்டானியம் டைஆக்சைடு) செய்த என் முதுகலை ஆய்வின் முதல் மூன்று மாதமும் இப்படித்தான் போனது.

சோப்பு மாதிரியான சர்ஃபாக்டன்ட் இதில் என்ன செய்கிறது என்பது முதலில் மனதில் பதிய வேண்டும். அந்த மூலக்கூறுகள் கரைசலில் திரண்டு மைசெல் என்ற நுண்ணிய திரளாகும். அதைச் சுற்றி ஆக்சைடு சுவர் எழும். பிறகு சுட்டால் சர்ஃபாக்டன்ட் எரிந்துபோய் அது இருந்த இடம் துளையாக நிற்கும். 1992-ல் மொபில் ஆய்வாளர்கள் அறிவித்த எம்சிஎம்-41 என்ற துளையுள்ள சிலிக்கா இந்த வழியில் வந்ததுதான். சிலிக்கா நிதானமாகச் சேரும், நாம் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். டைட்டானியத்திடம் அது கிடைக்காது. ஏர்கோன் நின்றுபோன ஒரு மழை மத்தியானம், டைட்டானியா செய்யும் மூலப்பொருளான டைட்டானியம் ஐசோபுரொப்பாக்சைடு பாட்டிலைத் திறந்தேன். டிராப்பர் நுனியிலேயே வெள்ளையாகப் படிந்துவிட்டது. காற்றிலிருந்த ஈரமே போதுமானதாக இருந்தது.

அதனால் வரிசையை மாற்றாதீர்கள். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஐசோபுரொப்பாக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். அமிலம் அது கட்டியாகச் சேர்வதைத் தாமதப்படுத்தும். அதன் பிறகே எத்தனாலில் கரைத்த பி123 என்ற பாலிமர் சர்ஃபாக்டன்டைச் சேர்க்க வேண்டும். கரைசலைத் தட்டில் மெல்லிசாக ஊற்றி, மூடிய டப்பாவுக்குள் வையுங்கள். நான் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய சாப்பாட்டு டப்பாதான் வைத்திருந்தேன். அடியில் ஒரு கிண்ணம் நிறைவுற்ற மெக்னீசியம் நைட்ரேட் கரைசல் இருந்தால், 25 டிகிரியில் உள்ளே ஈரப்பதம் 53 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். வெளியே எவ்வளவு மழை கொட்டினாலும் கவலையில்லை. சில நாள் கழித்துப் படலம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தால் அடுத்த படிக்குப் போங்கள். பால் நிறமாக இருந்தால் சுட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே விளிம்புவிலகல்) எடுக்கும்போது கோணத்தை 10 டிகிரியிலிருந்து தொடங்கினால் அனட்டேஸ் என்ற டைட்டானியா படிகம் மட்டுமே தெரியும். துளைகளின் ஒழுங்கு 5 டிகிரிக்குக் கீழே இருக்கிறது. சிறுகோண அளவீட்டுக்கு முன்கூட்டியே புக் செய்யுங்கள், வரிசை நீளம்.

வைவா வாய்மொழித் தேர்வில் என்னைத் தடுமாற வைத்தது ஒரே கேள்வி: "சுவர் படிகமாகும் நேரத்தில் துளையைத் தாங்குவது எது?" சுவர் முதலில் படிகமில்லாமல்தான் இருக்கும். 400 டிகிரியை ஒட்டி அனட்டேஸ் வளரும்போது, காற்றில் சுட்ட பி123 அதற்குள் எரிந்து போயிருக்கும். படிகம் பெருத்தால் சுவர் சரியும். நிமிடத்துக்கு 1 டிகிரி என்று மெல்ல ஏற்றுவதெல்லாம் இந்தச் சரிவைக் குறைக்கத்தான். கார்னெல் பல்கலைக்கழகக் குழு 2008-ல் வேறு வழி காட்டியது: இரட்டைப் பிணைப்புள்ள பாலிமரைக் காற்றில்லாமல் சூடாக்கினால் அது கரியாகித் துளைக்குள்ளேயே முட்டுக்கொடுத்து நிற்கும், படிகமான பின் காற்றில் அந்தக் கரியை எரித்துவிடலாம். பி123-இல் அந்த இரட்டைப் பிணைப்பு இல்லை. இதை நான் வைவா முடிந்த பிறகுதான் படித்தேன். நீங்கள் இந்த வாரமே படித்துவிடுங்கள்.