சென்னை – சிகாகோ: அம்மாவோடு இரண்டு பயணங்கள்

நீண்ட தூர விமானம் என்றால் நாமெல்லாம் எதைப் பார்த்து டிக்கெட் எடுக்கிறோம்? இருக்கை தாராளமா, சாப்பாடு எப்படி, திரை பெரிதா. நானும் அதையெல்லாம் பார்த்துத்தான் போன வருடம் எடுத்தேன். அந்தக் கணக்கில் நான் எடுத்தது நல்ல விமானம்தான். ஆனால் என் 74 வயது அம்மா ஐரோப்பிய விமான நிலையம் ஒன்றில் ஒரு ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தே கழித்தார். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ஐரோப்பா வழியாகப் போனால் ஆளுக்குப் பதினோராயிரம் ரூபாய் குறைவு. நடுவில் இடைவெளி 1 மணி 25 நிமிடம். டிக்கெட் ஒரு நிறுவனத்துடையது, இரண்டாவது விமானத்தை ஓட்டுவது அதன் கூட்டாளி நிறுவனம். வீல்சேர் கேட்டுப் பதிவு செய்திருந்தேன். சென்னையில் ஒரு குறையும் இல்லை.

அங்கே இறங்கும்போதுதான் ஆரம்பித்தது. விமானத்தை முனையத்தோடு ஒட்டி நிறுத்தாமல் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். படிக்கட்டில் இறங்கிப் பேருந்தில் ஏற வேண்டும். அம்மாவுக்கு முட்டி வலி. லிஃப்ட் வண்டி கேட்டால், "உங்கள் பதிவில் டபிள்யூ.சி.எச்.ஆர். என்றுதான் இருக்கிறது" என்றார்கள். படி ஏறி இறங்க முடியும், நீண்ட தூரம்தான் நடக்க முடியாது என்று அதற்கு அர்த்தமாம். படியே ஏற முடியாதவர்களுக்கு டபிள்யூ.சி.எச்.எஸ்., இருக்கை வரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டியவர்களுக்கு டபிள்யூ.சி.எச்.சி. சும்மா "வீல்சேர்" என்று கேட்டால் பெரும்பாலும் முதல் குறியீட்டைத்தான் போட்டுவிடுகிறார்கள். அம்மா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார்.

கீழே வீல்சேரோடு ஒருவர் நின்றார். உதவி தேவைப்படுவோர் காத்திருக்கும் ஓர் இடத்தில் எங்களை விட்டுவிட்டு, அடுத்த ஆள் வருவார் என்று சொல்லிப் போய்விட்டார். யாரும் வரவில்லை. இருபது நிமிடம் கழித்து மேசையில் கேட்டால், அடுத்த விமானத்தின் உதவிப் பட்டியலில் அம்மாவின் பெயரே இல்லை. என் கோரிக்கை முதல் நிறுவனத்தோடு நின்றுவிட்டது, கூட்டாளிக்குப் போகவே இல்லை. நானே தள்ளிக்கொண்டு போகிறேன் என்று கெஞ்சினேன். ஊழியர் இல்லாமல் நாற்காலியைத் தர முடியாது என்று அந்தப் பெண் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னார். "நான் நடந்துடறேன்டா, வா" என்று அம்மா எழுந்துவிட்டார். நடுவில் இன்னொரு பாதுகாப்புச் சோதனை வேறு. கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது விமானம் கண்ணெதிரே நின்றது, கதவை மூடிவிட்டிருந்தார்கள்.

அடுத்த இடம் மறுநாள் காலையில்தான். கவுன்டரில் இருந்தவர் ஹோட்டல் கூப்பனை நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு, எல்லையில் இருந்த அதிகாரி, ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான விசா, இல்லாமல் வெளியே விட முடியாது என்றார். அமெரிக்க விசா இருந்தால் அங்கே விமானம் மாறத் தடையில்லை, ஊருக்குள் போக மட்டும் முடியாது. இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே அந்தக் கூப்பனைக் கொடுத்தாரே, அந்தக் கவுன்டர்காரர், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மாத்திரைகள் செக்-இன் பெட்டியில் போய்விட்டன. கைப்பையில் இருந்தது ஒரு நாளுக்கு மட்டும். மருந்துக்கடையில் தர மறுத்துவிட்டார்கள். விமான நிலைய மருத்துவ மையத்தில் இருந்த டாக்டர்தான் போனில் இருந்த மருந்துச் சீட்டின் படத்தைப் பார்த்து, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மறுநாள் வரை தாங்கும் அளவு கொடுத்தார். அவர் நன்றாக இருக்கட்டும். தயவுசெய்து ஒரு வாரத்து மாத்திரையைச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.

சாப்பாட்டிலும் ஒரு பாடம். "ஹிந்து மீல்" என்றால் சைவம் என்று நினைத்து அதைத் தேர்ந்தெடுத்திருந்தேன். திறந்தால் கோழி. அது மாட்டிறைச்சியும் பன்றியும் இல்லாத அசைவச் சாப்பாடு. நம் பக்கத்துச் சைவம் வேண்டுமென்றால் ஏசியன் வெஜிடேரியன், அதாவது ஏ.வி.எம்.எல். கேட்க வேண்டும். பத்து மணி நேரம் அம்மா பன்னும் பழமும்தான் சாப்பிட்டார்.

சிகாகோவில் பெட்டிகள் வரவில்லை. வெளியே வருவதற்கு முன்பே பி.ஐ.ஆர். என்ற புகார்ப் படிவத்தைப் போட்டு எண் வாங்கிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்துப் பெட்டிகள் வந்தன. அதற்குள் வாங்கிய துணி, மருந்து எல்லாம் 212 டாலர். ரசீதுகளை அனுப்பினேன். விற்ற நிறுவனம் ஓட்டிய நிறுவனத்தைக் கேள் என்றது, அது இதைக் கேள் என்றது. நடுவில் 75 டாலருக்கு ஒரு பயணக் கூப்பன் தருவதாக ஒரு மின்னஞ்சல். நான் விடவில்லை. விமான நிறுவனங்களின் பொறுப்பைச் சொல்லும் சர்வதேச ஒப்பந்தமான 1999 மான்ட்ரியல் உடன்படிக்கையின் 36ஆம் பிரிவைக் குறிப்பிட்டு இருவருக்கும் ஒரே கடிதம் அனுப்பினேன். பெட்டி விஷயத்தில் முதல் நிறுவனம், கடைசி நிறுவனம், தாமதம் எந்தப் பகுதியில் நடந்ததோ அதை ஓட்டிய நிறுவனம், எல்லாரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று அதில் இருக்கிறது. ஆறு வாரத்தில் முழுத் தொகையும் வந்தது. பெட்டி தாமதமானால் கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள், உடைந்திருந்தால் 7 நாளுக்குள் புகாரை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். மறந்துவிடாதீர்கள்.

இந்த மார்ச்சில் அபுதாபி வழியாகப் போனோம். இரண்டு விமானமும் ஒரே நிறுவனம், இடைவெளி 4 மணி 10 நிமிடம். இருக்கை முன்னதைவிட நெருக்கம்தான், அபுதாபியிலிருந்து கிட்டத்தட்ட 15 மணி நேரம் உட்கார்ந்ததில் அம்மாவின் கால் வீங்கியது. ஆனால் கையில் சீட்டை வைத்துக்கொண்டு அம்மா பெயரைச் சொல்லி ஒருவர் விமான வாசலிலேயே நின்றார். எனக்கு அது போதும். அமெரிக்கக் குடிவரவுச் சோதனை அபுதாபியிலேயே முடிந்துவிடுகிறது. நம் பெட்டியின் படத்தைத் திரையில் காட்டிக் கேட்கிறார்கள். சிகாகோவில் உள்நாட்டுப் பயணிகள் மாதிரி இறங்கி நேராகப் பெட்டி எடுக்கப் போனோம். அபுதாபியில் மறுபடி பாதுகாப்புச் சோதனை உண்டு, அதனால் வயதானவர்களோடு போகிறவர்கள் மூன்று மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளியை எடுக்காதீர்கள்.

அம்மாவின் திரும்பும் பயணம் அடுத்த மாதம். நேற்று அழைத்து, இரண்டு விமானங்களிலும் டபிள்யூ.சி.எச்.எஸ். பதிவாகியிருக்கிறதா என்று வாசித்துக் காட்டச் சொன்னேன். இருந்தது. சாப்பாடு மட்டும் இரண்டாவதில் விட்டுப்போயிருந்தது, சேர்த்தாயிற்று.