கத்திரி வெயிலில் ஒரு பவளத் தொட்டி

மே 2, காட்பாடி

விளக்கு எரிய ஆரம்பித்து ரொம்ப நேரமாகியும் ஸோவாக்கள் (பூ மாதிரி விரியும், பவளத்துக்கு உறவான சின்ன உயிர்கள்) விரியவில்லை. பக்கத்தில் தோல் மாதிரி இருக்கும் லெதர் பவளமும் மெழுகு பூசியது மாதிரி பளபளப்பாகச் சுருங்கி நிற்கிறது. லெதரைப் பற்றிக் கவலையில்லை. மேல்தோலை உரிப்பதற்கு முன்னால் அது சில நாள் மூடிக்கொள்ளும், ஒரு வாரத்தைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. ஆனால் ஸோவாக்கள் கூட்டமாக மூடினால் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

முதல் சந்தேகம் வெயில் மேல்தான். தெர்மாமீட்டர் 27 டிகிரி காட்டுகிறது. 30-ஐத் தாண்டி அங்கேயே நின்றால்தான் எனக்குப் பயம். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கிடையாது, சம்ப் (தொட்டியோடு இணைந்த வடிகட்டும் தொட்டி) மேல் ஃபேன் மட்டும்தான். சென்னையில் மழைக்கு முந்தைய புழுக்கத்தில் ஃபேன் அவ்வளவாக உதவாது. நம்ம ஊர்க் காற்று வறண்டது, தண்ணீர் வேகமாக ஆவியாகும், சூட்டையும் கூடவே எடுத்துக்கொண்டு போகும். இரண்டு மூன்று டிகிரி தாராளமாக இறங்குகிறது.

மே 3

இன்று உப்பைப் பார்த்தேன். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். என் தொட்டியில் 200 லிட்டர். இந்த மாதத்தில் ஒரு நாளைக்கு 6 லிட்டர் போகிறது. ஈடு செய்யாமல் விட்டால் 35 பிபிடி (ஆயிரம் பங்கில் 35 பங்கு உப்பு) மறுநாளே 36-க்கு மேல் ஏறும், அடுத்த நாள் 37. மிதவை வால்வு வைத்திருப்பதால் குறையக் குறைய ஆர்ஓ தண்ணீர் தானாக இறங்குகிறது. உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி கரைசலில் சரிபார்த்துவிட்டுத்தான் அளந்தேன். சரியாக 35. உப்பிலும் குறையில்லை.

மே 4

கத்திரி தொடங்கியது. விளக்கு அணைந்த பிறகு டார்ச் அடித்துப் பாறை பாறையாகத் தேடினேன். ஸோவாவைத் தின்னும் ஓடில்லா நத்தைகள் ராத்திரியில்தான் வெளியே வரும், ஸோவாவின் நிறத்தையே பூசிக்கொண்டிருக்கும். ஒன்றும் இல்லை, முட்டையும் இல்லை.

“அதுங்கள தூங்க விட மாட்டியாடா?” என்றார் அம்மா. கையுறை ஏன் என்றும் கேட்டார். சில ஸோவாக்களில் பாலிடாக்ஸின் என்ற கடுமையான விஷம் உண்டு. கையில் வெட்டுக்காயம் இருந்தாலோ கண்ணில் தெறித்தாலோ ஆபத்து. அந்தப் பாறையை வெந்நீரில் போட்டுக் கழுவவே கூடாது, ஆவியைச் சுவாசித்தவர்கள் ஆஸ்பத்திரி வரை போயிருக்கிறார்கள். புதிதாக வளர்ப்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

மே 6

மணல் மேல் பழுப்புப் படலம். டயாட்டம் பாசி. இது வளரச் சிலிக்கா வேண்டும், அது பெரும்பாலும் உள்ளே வருவது டாப்-அப் தண்ணீர், அதாவது ஆவியானதற்கு ஈடாக இறங்கும் தண்ணீர் வழியாகத்தான். உடனே தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை எடுத்தேன். போர் தண்ணீர் 1100. ஆர்ஓவைத் தாண்டியதும் 55. மிச்ச உப்பைப் பிடிக்கும் டிஐ ரெசினையும் தாண்டினால் பூஜ்யம் வர வேண்டும், 19 காட்டுகிறது. ரெசின் தீர்ந்துவிட்டது. தீரும்போது அது பிடித்து வைத்திருந்த சிலிக்காவைத்தான் முதலில் விடும், அந்தச் சிலிக்கா மீட்டரில் சரியாகத் தெரியவும் தெரியாது.

இவ்வளவு சீக்கிரம் ஏன் தீர்ந்தது? கரண்ட் போய் வரும்போதெல்லாம் ஆர்ஓவும் நின்று நின்று ஓடுகிறது. நின்றிருக்கும் நேரத்தில் உப்புகள் ஆர்ஓவின் வடிகட்டும் சவ்வான மெம்பிரேனைக் கடந்து இந்தப் பக்கம் கசிந்துவிடும். மறுபடி ஓடத் தொடங்கியதும் வரும் முதல் தண்ணீரை அளந்தேன், 200-க்கு மேல். சில நிமிஷம் கழித்துத்தான் 55-க்கு இறங்குகிறது. ஒவ்வொரு தடவையும் அந்த முதல் தண்ணீர் ரெசினைத் தின்றிருக்கிறது. ஃபேன் சூட்டைக் குறைக்கிறது, ஆனால் அது குடிக்கும் தண்ணீருக்குப் பதிலாக எதை ஊற்றுகிறோம் என்பதில்தான் நம்ம பக்கத்துத் தொட்டிகளின் கோடைகாலமே இருக்கிறது. மூடிய பவளத்துக்கு மருந்து தேடுகிறவர்கள் முதலில் டாப்-அப் டிரம்மை அளந்து பாருங்கள்.

மே 7

புது ரெசின். ரெசினுக்கு முன்னால் ஒரு டி வால்வு போட்டு, முதல் தண்ணீரைச் செடிக்குத் திருப்பிவிட்டேன். இனி ஆர்ஓவை நிறுத்தி நிறுத்தி ஓட்டாமல் ஒரே மூச்சில் டிரம்மை நிரப்பிக்கொள்ளப் போகிறேன். தொட்டியில் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினேன், சூடும் உப்பும் பொருந்திய பிறகுதான். தண்ணீரைச் சுத்தம் செய்யும் புதுக் கார்பனும் வைத்தேன். வேறு எதையும் தொடவில்லை, ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் பவளம் இன்னும் மிரளும்.

மே 9

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். “அண்ணா, கல் பவளம் விலைக்கு வருது, வாங்கலாமா?” வேண்டாம் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். 2001 முதல் நம் கடலின் கல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, எடுப்பதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாப் பவளங்கள் 2010-லும் 2016-லும் சூட்டில் வெளிறித் தவித்தவை. மிஞ்சியவை அங்கேயே இருக்கட்டும். வீட்டுக்கு லெதர் மாதிரி மென்பவளம் போதும்.

மே 13

ஸோவாக்கள் முக்கால்வாசி விரிந்துவிட்டன. லெதரின் தோல் ஒரு பக்கம் கழன்று ஆடுகிறது. மோட்டாரை லேசாகத் திருப்பிவிட்டேன், மீதியை நீரோட்டமே உரித்துவிடும். டிஐ தண்ணீர் பூஜ்யம். பின்பாறையில் ஒரு கொத்து மட்டும் இன்னும் மூடியிருக்கிறது. அதை இடம் மாற்றாமல் இன்னும் ஒரு வாரம் பார்க்கப் போகிறேன்.