பஸ்ஸின் முதல் படியே முழங்கால் உயரம்

1863இல் ஓடத் தொடங்கிய லண்டன் சுரங்க ரயிலில் இன்றும் பெரும்பாலான நிலையங்களுக்குப் படியேறாமல் போக முடியாது. பழைய சுரங்கத்துக்குள் லிஃப்ட் பொருத்துவது அவ்வளவு செலவு, அவ்வளவு சிக்கல். 2015இல் ஓடத் தொடங்கிய சென்னை மெட்ரோவில் லிஃப்ட் முதலிலேயே திட்டத்தில் இருந்தது.

திருகோணமலைக்கு நாங்கள் மெட்ரோ கேட்கவில்லை. (கொழும்புக்கு வரவிருந்த இலகு ரயிலையே 2020இல் கைவிட்டார்கள்.) ஆனால் கிண்ணியா பஸ்ஸில் ஏறும் வயதானவர்களைப் பாருங்கள். ஒரு கையில் மருந்துப் பை, மறு கையில் கம்பி. "கெதியா ஏறுங்கோ அம்மா" என்று கொண்டக்டர் அவசரப்படுத்துவார். பின்னால் நிற்கிறவர்தான் தாங்கி ஏற்றிவிட வேண்டும்.

இனி வாங்குகிற பஸ்களையாவது, வாசலில் படியில்லாத தாழ்தள பஸ்களாக முதலிலேயே வாங்குங்கள். காலையில் கிளினிக்குக்குப் போகிறவர்கள் ஏறும் பஸ்களில் இருந்தாவது தொடங்குங்கள்.