கைப்பையில் போன ஊறுகாய்

சிங்கப்பூர் கிளம்பும்போது அம்மா போட்டுக்கொடுத்த எலுமிச்சை ஊறுகாயைக் கைப்பையில் வைத்துவிட்டேன், பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிட்டார்கள், மனசே ஆறவில்லை. வெளிநாட்டு விமானங்களில் நெய், தயிர், ஊறுகாய் எல்லாமே திரவக் கணக்குதான். 100 மில்லிக்கு மேல் பிடிக்கிற பாட்டில் பாதி காலியாக இருந்தாலும் விடமாட்டார்கள். அதையெல்லாம் நன்றாகக் கட்டிப் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள்.

பவர் பேங்க் மட்டும் நேர் எதிர். பெட்டியில் போடவே கூடாது, கையோடுதான் கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் லித்தியம் பேட்டரி சூடேறித் தீப்பிடித்தால் கேபினில் உடனே கவனித்து அணைக்கலாம், கீழே சரக்கு அறையில் யார் போய்ப் பார்ப்பது? பொதுவாக 100 வாட் ஹவர் (பேட்டரியில் சேரும் மின்சாரத்தின் அளவு) வரை சரி, 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74 வாட் ஹவர்தான் வரும். அதில் அளவு அச்சிட்டிருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.