சத்துவாச்சாரியில் நிர்வானா

மே 4, 2025, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. பொழுது சாய்ந்தும் மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. எங்கள் ஆர்கெஸ்ட்ராவுக்கு இது திருவிழாக் கச்சேரி மாதம். நடுவில் கிடைக்கும் ராத்திரிகளில் அமெரிக்க ராக் இசைக்குழு நிர்வானாவின் மேடைப் பதிவுகளை வரிசையாகக் கேட்கப்போகிறேன்.

இன்று 1991 ஏப்ரல் 17, சியாட்டில், ஓகே ஹோட்டல். 'நெவர்மைண்ட்' ஆல்பம் பதிவுக்கு லாஸ் ஏஞ்சலிஸ் போக பெட்ரோல் காசு வேண்டும் என்று ஒத்துக்கொண்ட கச்சேரி. 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' முதன்முதலாக மேடை ஏறியது அன்றுதான். பாட்டு வரிகள் இன்னும் முடியவில்லை. பாடகர் கர்ட் கோபேன் பாடுவதில் பாதி, பிறகு ஆல்பத்தில் வந்த வரிகளே இல்லை. ஆனால் டிரம்ஸ் ஏறி கிட்டார் வெடிக்கும் இடம் அன்றைக்கே முழுசாக இருக்கிறது. கூட்டம் துள்ளுகிறது. யாருக்கும் பாட்டு தெரியாது, தெரியவும் வேண்டாம்.

மே 6, செவ்வாய்

டிரம்ஸ்காரர் டேவ் க்ரோல் நிர்வானாவில் சேர்ந்தது 1990 செப்டம்பரில். அந்த மாற்றம் இல்லாமல் அடுத்த வருஷம் நடந்தது எதுவும் நடந்திருக்காது என்பது என் கட்சி. 'டீன் ஸ்பிரிட்' பாட்டின் தொடக்க அடியைக் கேளுங்கள்: இரண்டு குச்சியும் நூலிழை முன்பின்னாக ஸ்னேர் டிரம்மில் விழும். கேப் பேண்ட், கேமியோ, டோனி தாம்ப்ஸன் ஆகியோரிடமிருந்து எடுத்தது என்று க்ரோலே சொல்லியிருக்கிறார். அத்தனையும் டிஸ்கோ, ஃபங்க்! எண்பதுகளின் சினிமாப் பாட்டில் நாங்கள் வாசிக்கிற தாளத்துக்குப் பங்காளிதான்.

ஆக்டோபேடில், அதாவது ரப்பர் தட்டு வைத்த எலக்ட்ரானிக் டிரம்மில், வாசித்துப் பார்த்தேன். தாளம் வருகிறது, அடி வரவில்லை. ரப்பரில் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஓர் அளவுக்கு மேல் சத்தம் ஏறாது.

மே 9, வெள்ளி

கச்சேரி புக் பண்ண வந்தவர், "மைனஸ் ட்ராக் போட்டுப் பாடினா போதும் தம்பி, ஆளுங்க எதுக்கு? செலவு மிச்சம்" என்றார். குரல் இல்லாமல் இசை மட்டும் பதிவான ட்ராக்கைச் சொல்கிறார். மனசு விட்டுப்போயிற்று.

வீட்டுக்கு வந்து 1991 நவம்பரில் பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' டிவி நிகழ்ச்சியில் நிர்வானா வந்ததைப் பார்த்தேன். அங்கேயும் இசை ட்ராக்கில் ஓடும், குரல் மட்டும் நேரடி. கோபேன் கிட்டார் கம்பியைத் தொட்டும் தொடாமலும் அடிவயிற்றுக் குரலில் இழுத்துப் பாடுகிறார். க்ரிஸ்ட் நோவோசெலிக் பேஸ் கிட்டாரைத் தலைக்கு மேல் சுழற்றுகிறார். க்ரோல் இஷ்டத்துக்குத் தட்டுகிறார். ட்ராக் பாட்டுக்கு ட்ராக் ஓடுகிறது. அதைவிட நேர்மையாக எப்படி மறுப்பது?

அப்புறம் கணியம்பாடிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் கூத்துக்குப் போனேன். முகவீணை, மிருதங்கம், தாளம், விடிய விடிய. மிருதங்கக்காரரிடம், எப்போது வேகத்தைக் கூட்டுவீர்கள் அண்ணா என்று கேட்டேன். "எதிர்ல ஒருத்தன் கொட்டாவி விட்டா அடி மாறணும் தம்பி" என்றார். எந்த ட்ராக்குக்கு அது தெரியும்?

மே 11, ஞாயிறு

1991 அக்டோபர் 31, சியாட்டில் பாரமவுண்ட் அரங்கம். 'நெவர்மைண்ட்' வெளியாகி ஒரு மாதம் தாண்டியிருக்கிறது. 16 எம்எம் ஃபிலிமில் எடுத்த பதிவு, அதனால் க்ரோலின் தோள் எங்கிருந்து இறங்குகிறது என்பது வரை தெரிகிறது. எனக்கு எல்லாவற்றிலும் இதுதான் உசத்தி. அடுத்த ஜனவரியில் 'நெவர்மைண்ட்', மைக்கேல் ஜாக்ஸனின் ஆல்பத்தை இறக்கிவிட்டு அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் முதலிடம்.

இங்கிலாந்தின் ரீடிங் ஊரில் நடக்கும் இசைத் திருவிழாவில் 1991இல் பகல் வெளிச்சத்தில் வாசித்தவர்கள், 1992 ஆகஸ்ட் 30 அன்று அதே விழாவின் கடைசிக் கச்சேரிக்காரர்கள். கோபேனுக்கு உடம்பு முடியவில்லை என்று வதந்தி. அவர் சக்கர நாற்காலியில் மருத்துவமனை அங்கியோடு வந்து, ஒரு வரி பாடி, சாய்ந்து விழுந்து, எழுந்து ஒரு முழுக் கச்சேரியை வாசித்துத் தள்ளினார். அவ்வளவு பெரிய மைதானத்திலும் மேடையில் அதே மூன்று பேர், ஓகே ஹோட்டலில் கேட்ட அதே முரட்டுத்தனம்.

செவ்வாய்க்கிழமை அரியூர் பக்கம் கச்சேரி. ஆக்டோபேட் வேண்டாம், டிரம் செட்டையே ஏற்றணும் என்று வண்டிக்கார அண்ணனிடம் சொல்லிவிட்டேன். வாடகை கூடுதலாகும் என்றார். சரி என்றேன்.