பிரியஸ் இன்வெர்ட்டரில் முதலில் அடிவாங்கும் இடம்

மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் ஹைபிரிட் காரில் இன்வெர்ட்டர் (பேட்டரியின் டிசி மின்சாரத்தை மோட்டாருக்கான ஏசியாக மாற்றும் பெட்டி) போய்விட்டது என்றால் பலரும் மோட்டாரை ஓட்டும் பகுதியைத்தான் சந்தேகிப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது அதே பெட்டிக்குள் பேட்டரி வோல்டேஜை உயர்த்தித் தரும் பூஸ்ட் கன்வெர்ட்டர். பி0ஏ94 என்ற பழுதுக் குறியீடு வந்திருந்தால் நிச்சயமாக அங்கிருந்தே தொடங்குங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பேட்டரி 201.6 வோல்ட், அது 650 வரை ஏற்றப்படுகிறது. பேட்டரி முழுதாகத் தரும் 27 கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 134 ஆம்பியர். 650 வோல்ட் கிடைக்க, பூஸ்ட் கன்வெர்ட்டரின் கீழ்ப்பக்க ஐஜிபிடி (கரண்டை வேகமாக ஆன்-ஆஃப் செய்யும் சிப்) ஒவ்வொரு சுழற்சியிலும் 69 சதவீத நேரம் ஆனில் இருக்கவேண்டும். அந்த நேரம் முழுக்க மொத்தக் கரண்டும் அதன் வழியேதான். மோட்டார் பக்கம் மூன்று ஃபேஸ்கள் சுமையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. இங்கே அந்த வசதி இல்லை.

சூட்டை விட, சூடு ஏறி இறங்குவதுதான் எமன். ஒரு டிகிரி கூடினால் சிப்பின் சிலிக்கான் மீட்டருக்குச் சுமார் 3 மைக்ரான் விரியும், அலுமினியம் 23. ஆக்சிலரேட்டரை மிதித்து விடும் ஒவ்வொரு முறையும் சிப்பையும் அடியிலுள்ள உலோகத்தையும் ஒட்டவைக்கும் சோல்டர் இழுபடுகிறது. விரிசல் சிப்பின் ஓரத்தில் பிறந்து உள்நோக்கி நகரும். வெப்பம் இறங்கும் பரப்பு குறையும், சிப் மேலும் சூடாகும், விரிசல் இன்னும் வேகமெடுக்கும். மேலே அலுமினியக் கம்பிகள் சிப்பில் ஒட்டிய இடத்தில் பெயர்ந்துவரும். ஒன்று விட்டால் அதன் கரண்டு மற்றவற்றின் தலையில் விழும்.

2014 பிப்ரவரியில் டொயோட்டா உலகெங்கும் ஏறத்தாழ 19 லட்சம் பிரியஸ்களைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான். தீர்வு மென்பொருள் மாற்றம். சரியான முடிவு என்றே சொல்வேன், ஆனால் ஏற்கெனவே பிளந்த சோல்டரை எந்த மென்பொருளும் ஒட்டவைக்காது.

சோதிக்கும் முன் உயர் வோல்டேஜ் பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, 10 நிமிடம் காத்திருந்து, 1000 வோல்ட் கையுறையோடு மீட்டர் வைத்து வோல்டேஜ் இல்லையென்று உறுதிசெய்யுங்கள். மீட்டரின் டயோடு நிலையில் சிவப்பு முனை நெகட்டிவிலும் கறுப்பு முனை பேட்டரி பாசிட்டிவ் நுழைவிலும். கெபாசிட்டர் நிறையும்வரை எண் ஓடும், பொறுங்கள். கடைசியில் ஒரு டயோடின் வோல்டேஜ் வரவேண்டும். இரு திசையிலும் பூஜ்யமென்றால் ஷார்ட். நல்ல எண் வந்துவிட்டதென்று நம்பிவிடாதீர்கள்: பாதி பிளந்த சோல்டரும் குளிர்ந்த நிலையில் இதே எண்ணைத்தான் காட்டும்.

கூலன்ட் பம்பையும் விடாதீர்கள். வண்டி ரெடியில் இருக்கும்போது இன்வெர்ட்டர் ரிசர்வாயரில் நீர் சுழல்வது கண்ணுக்குத் தெரியவேண்டும். அசையாமல் நின்றால் பம்ப் போயிருக்கும், இல்லையேல் காற்று அடைத்திருக்கும். புது மாட்யூல் போடுவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.