லைப்சிக்கில் என் பக்கத்து வீட்டு ருஷ்ய மொழி டீச்சர்

2024 அக்டோபரில் முதுகலை படிக்க ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக்கு வந்தேன். பிளாக்டு அக்கவுண்டில் (விசாவுக்காக ஒரு வருடச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுக் காட்டும் வங்கிக் கணக்கு) 11,904 யூரோ போட்டுவிட்டு, அதற்காக அப்பா வாங்கிய கடனை நினைத்துக்கொண்டே வந்து இறங்கினேன். கல்விக் கட்டணம் கிடையாது, செமஸ்டருக்கு ஒருமுறை ஒரு சிறு தொகை கட்டினால் போதும். வீடு குரூனாவில். 1976-லிருந்து காங்கிரீட் பலகைகளைக் கோத்துக் கோத்து எழுப்பிய குடியிருப்பு அது, முதல் நாள் பார்த்ததும் நம் ஊர் ஹவுசிங் போர்டு ஞாபகம்தான் வந்தது.

நான் வீட்டில் இல்லாதபோது வந்த ஒரு பார்சலைப் பக்கத்து வீட்டு அம்மா வாங்கி வைத்திருந்தார். அப்படித்தான் பழக்கம். எழுபதைத் தாண்டியவர், கிழக்கு ஜெர்மனி என்ற கம்யூனிச நாடு 1990-ல் மேற்கோடு இணைவதற்கு முன், இந்தப் பகுதியிலேயே ஒரு கல்லூரியில் ருஷ்ய மொழி நடத்தியவர் (எந்தக் கல்லூரி என்பதெல்லாம் இங்கே வேண்டாம்). என் ஜெர்மனைக் கேட்டுவிட்டு, வாரம் ஒரு நாள் வா, திருத்துகிறேன் என்றார். மூன்றாவது வாரமே 'நீ' என்று கூப்பிடச் சொல்லிவிட்டார். இங்கே அது பெரிய மரியாதை. எனக்கோ வாய் வரவில்லை. அம்மாவையும் ஆச்சியையும் 'நீ' என்றுதானே கூப்பிடுகிறோம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், அந்த நீ வேறு. இன்றுவரை 'நீங்கள்' என்று ஆரம்பித்து, அவர் முறைத்ததும் மாற்றிக்கொள்கிறேன்.

ஆகஸ்டுஸ் சதுக்கத்தில் பல்கலைக்கழகத்தின் முகப்புக் கட்டடத்தைப் பார்த்து, ஏதோ புது மாதிரி சர்ச் என்று நினைத்திருந்தேன். அவர்தான் சொன்னார். அங்கே நிஜமாகவே ஒரு பழைய சர்ச் இருந்தது, 1968 மே 30 அன்று அரசே அதை வெடி வைத்துத் தகர்த்தது, அந்த வளாகத்தில் எழுந்த புதுக் கட்டடத்தின் வாசலுக்கு மேலே 33 டன் எடையில் மார்க்ஸ் தலை பதித்த வெண்கலப் புடைப்புச் சிற்பத்தை ஏற்றினார்கள். 1409-ல் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கு 1953-லிருந்து கார்ல் மார்க்ஸ் பெயர்தான். 1991-ல் அந்தப் பெயர் போய்விட்டது, சிற்பம் மட்டும் 2006 வரை அங்கேயே தொங்கியது. பெயரை எடுக்க ஒரு தீர்மானம் போதும், 33 டன்னை இறக்கக் கிரேன் வேண்டுமே. இப்போது அது யானல்லே என்ற தெருவில் விளையாட்டுத் துறை வளாகத்துப் புல்தரையில் நிற்கிறது. அந்த வளாகமே கிழக்கு ஜெர்மனியின் புகழ்பெற்ற உடற்பயிற்சிக் கல்லூரி இருந்த இடம். அந்தக் கல்லூரியும் 1990-ல் மூடப்பட்டதுதான்.

கட்டடக் கதையை விடுங்கள், ஆட்களுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது. அதற்கு இங்கே 'அப்விக்லுங்' என்று ஒரு சொல் இருக்கிறது. ஒரு கம்பெனியை இழுத்து மூடும்போது கணக்கு முடிப்பார்களே, அதற்கான வியாபாரச் சொல். 1990 டிசம்பரில், லைப்சிக் இருக்கும் சாக்சனி மாநிலத்தின் அரசு பல்கலைக்கழகத் துறைகளுக்கு அதைச் செய்தது. எல்லா மாணவரும் கட்டாயமாகப் படித்த மார்க்சிய-லெனினியத் துறை போனதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அதோடு லைப்சிக்கில் சட்டம், தத்துவம், இதழியல் எல்லாம் சேர்ந்து போயின. இதழியல் துறைக்கு 'சிவப்பு மடம்' என்றே பட்டப்பெயர், ஆளும் கட்சிக்குப் பத்திரிகையாளர்களைத் தயாரித்துக் கொடுத்த இடம். எங்களைக் கேட்காமல் எப்படி மூடலாம் என்று மாணவர்கள் போராடினார்கள், சுதந்திரம் கேட்டுத் தெருவில் இறங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பிறகு அதே துறைகளைப் புதிதாகத் தொடங்கினார்கள், பேராசிரியர்கள் பெரும்பாலும் மேற்கிலிருந்து வந்தார்கள்.

டீச்சரின் கணவர் மார்க்சிய-லெனினியம் நடத்தியவர். கணக்கு முடித்த துறையில் இருந்தவர்களை உடனே வெளியே அனுப்பவில்லை, 'வார்ட்டஷ்லைஃப' என்று ஒரு பட்டியலில் வைத்தார்கள். தரையிறங்க அனுமதி கிடைக்காத விமானம் மேலேயே வட்டமடிக்கிறதே, அதற்கான சொல். பழைய சம்பளத்தில் 70 சதவீதம், ஆறு மாதம்; ஐம்பதைத் தாண்டியவர் என்றால் ஒன்பது மாதம். அதற்குள் வேறு இடம் கிடைக்காவிட்டால் வேலை முடிந்தது. அவருக்கு வயது 44, ஆறு மாதம் சுற்றிவிட்டுக் கடைசியில் டாக்சி ஓட்டப் போனார். "அவர் நடத்திய பாடத்தைப் பையன்கள் நம்பவில்லை, கடைசி காலத்தில் அவரும் நம்பவில்லை, ஆனால் நன்றாக நடத்துவார்" என்று சிரிக்காமல் சொன்னார் டீச்சர்.

டீச்சரின் துறையை மூடவில்லை, ஆனால் மூன்று சல்லடை. முதலில் கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறையோடு தொடர்பு உண்டா, கட்சியில் என்ன பொறுப்பு என்று படிவம் நிரப்ப வேண்டும், குழு விசாரிக்கும். அடுத்து பாடத்தில் தகுதி இருக்கிறதா என்று இன்னொரு குழு. இரண்டிலும் தேறிவிட்டார். மூன்றாவது, தேவை. அத்தனை பேருக்கும் கட்டாயமாக இருந்த ருஷ்யம் கட்டாயமில்லை என்று ஆனதும் அத்தனை ஆசிரியர்கள் எதற்கு? கடிதம் வந்தது. உன் மேல் குற்றமும் இல்லை, குறையும் இல்லை, நீ வேண்டாம், அவ்வளவுதான். எனக்கு அதுதான் மூன்றிலும் கொடுமையாகப் படுகிறது, டீச்சரோ, உளவாளி என்று பெயர் வாங்கிப் போவதற்கு இது மேல் என்கிறார். தொண்ணூறுகளில் கஜகஸ்தானிலிருந்தும் ருஷ்யாவிலிருந்தும் கூட்டம் கூட்டமாக ஜெர்மன் வம்சாவளியினர் திரும்பி வந்தார்களே, அவர்களுக்கு ஜெர்மன் கற்றுக்கொடுத்துத்தான் பிழைத்தாராம்.

அந்தக் காலம் பொற்காலம் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஹாஸ்டல் வாடகை மாதம் 10 மார்க், 1981-லிருந்து மாணவருக்கு அடிப்படை உதவித்தொகை 200 மார்க் என்பார், உடனேயே, வகுப்பில் முதலாவதாக வந்த தன் தோழி பாதிரியார் மகள் என்பதால் கல்லூரியில் இடம் கிடைக்காத கதையையும் சொல்வார்.

எங்கள் ஆய்வகத்தில் முனைவர் பட்டம் முடித்த ஒருவருக்கு எட்டு மாதத்தில் ஒப்பந்தம் முடிகிறது. பட்டத்துக்கு முன் ஆறு வருடம், பின் ஆறு வருடம்தான் தற்காலிக ஒப்பந்தம், அதன் பிறகு நிரந்தர இடம் கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் கிளம்ப வேண்டியதுதான் என்று சட்டமே இருக்கிறது. டீச்சரிடம் சொன்னேன். அவர் காலத்தில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தவர்களில் பலர் பென்ஷன் வரைக்கும் அதே நாற்காலிதானாம். "அதில் பாதிப் பேர் தூங்கினார்கள்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "மீதிப் பாதிப் பேரும்தான் போனார்கள்" என்றார்.

என் விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்து மூன்று மாதம் ஆகிறது, மின்னஞ்சல் போட்டால் தானியங்கிப் பதில் மட்டும் வருகிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கதவைத் திறந்ததும் டீச்சர் கேட்பது ஒரே கேள்விதான், இன்னும் மேலேயே சுற்றுகிறாயா? நேற்றும் கேட்டார். ஆமாம், பெட்ரோல் இருக்கிறது என்றேன். இலக்கணம் தப்பு என்று திருத்திவிட்டு டீ போடப் போனார்.